கணுக்காலில் ஒரு கட்டி

ஒரு துப்பாக்கியையே ஒழுங்காகக் கையாளத் தெரியாதவன் இரண்டாவது துப்பாக்கி வாங்கப் போனால் அவனை என்னவென்று சொல்வது? என் மனைவி ஜெயசெல்வி அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறாள். நாங்கள் வாராவாரம் ஜெபக்கூட்டத்துக்குப் போகிற குடும்பம் என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

நான் ரூஃபஸ். பெரம்பூர்க்காரன். டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்கிற ஊரில் ஒரு டெலிகாம் கம்பெனியில் எஞ்சினியராக இருந்தவன். 2001இல் அந்தத் தொழிலே குப்புற விழுந்தபோது எங்கள் மாடியில் இருந்த அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் அடக்கமாக வேறு வேலை தேடினார்கள். நான் மட்டும், இனிமேல் ஒருத்தனுக்குக் கீழே கைகட்டி நிற்பதில்லை என்று வசனம் பேசிவிட்டு, ஃப்ரீவே ஓரமாக ஒரு கேஸ் ஸ்டேஷனை, நம்ம ஊர் பெட்ரோல் பங்க்தான், அதோடு ஒட்டிய சின்னக் கடையையும் சேர்த்து வாங்கினேன். இப்போது சிகரெட் வாங்க வருகிற அத்தனை பேருக்கும் கீழே கைகட்டி நிற்கிறேன்.

கடை வாங்கி நாலு வருஷம் ஒரு வம்பும் இல்லை. பிறகு, ஃப்ரீவேயில் எங்களுக்கு இரண்டு எக்ஸிட் தள்ளி இருந்த ஒரு கடையில் எவனோ துப்பாக்கியோடு புகுந்து, கடைக்காரரை அடித்துப் போட்டுவிட்டுக் கல்லாவைத் தூக்கிக்கொண்டு போனான். அந்த மனிதர் கடையை விற்றுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பயம். எனக்காக மட்டும் இல்லை. ஜெயசெல்வி வார நாட்களில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சனிக்கிழமை பகலில் கடையில் நின்று எனக்கு ஒத்தாசை செய்வாள். ஐந்தடி உயரம்கூட இல்லாதவள். அவள் நிற்கும்போது எவனாவது வந்துவிட்டால்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பது ஒரு பங்கு. 'இவர் இருக்கிறார், எனக்கென்ன பயம்' என்று அவள் ஒரு தடவையாவது நினைக்க வேண்டும் என்பது மீதிப் பங்கு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படி நினைத்ததற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் நான் நாற்காலியில் ஏறிக்கொள்வேன், அவள்தான் அடிப்பாள்.

ஆகவே ஒரு துப்பாக்கி வாங்கினேன். நாற்பத்தைந்து காலிபர். கையில் எடுத்தால் இட்லிக் குண்டானைத் தூக்குகிற கனம். ஜெயசெல்வி அதை ஒரு தரம் பார்த்தாள். கடைக்கு வாங்கினது கடையோடு இருக்கட்டும், துப்பாக்கி என்று ஒன்று நம் வீட்டு வாசல்படி தாண்டக் கூடாது, வீட்டில் குழந்தை இருக்கிறது என்றாள். எங்கள் மகள் ஜோவானாவுக்கு அப்போது ஏழு வயது. சரி என்றேன். அது கல்லாவுக்குக் கீழே டிராயரில் பூட்டிக் கிடந்தது. டிராயர் சாவி என் சாவிக்கொத்தில். சாவிக்கொத்து எப்போதும் நான் தேடுகிற இடத்தில் இருக்காது. திருடன் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான்.

அதோடு விட்டேனா? டெக்சாஸில் துப்பாக்கியை மறைத்து எடுத்துக்கொண்டு நடமாட ஒரு லைசென்ஸ் கொடுப்பார்கள். அதற்கு ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார வேண்டும். ஒரு சனிக்கிழமை கடையை ஜெயசெல்வி தலையில் கட்டிவிட்டு அந்த வகுப்புக்குப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்ததும், சூடு ஆறுவதற்குள் அவளுக்குப் பாடம் நடத்தினேன். கதவைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டும், உள்ளே வருகிறவனின் கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், முதுகைக் காட்டவே கூடாது என்று பால் டப்பாக்களைத் திருடனாக வைத்து விளக்கினேன். அவள் காபி மெஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "அவ்வளவுதானா?" என்றாள். அவளுக்குச் சிரத்தையே இல்லை என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு தூங்கியும் போனேன்.

லைசென்ஸ் தபாலில் வந்தது. அந்த வாரச் சனிக்கிழமை, ஹோல்சேலில் சிப்ஸ் எடுத்து வருகிறேன் என்று ஜெயசெல்வியிடம் சொல்லிவிட்டுத் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். பெரியதை விற்ற அதே ஆள்தான் நின்றார். வெள்ளை மீசை, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு பெல்ட் பக்கிள். டிராயர் சாவிக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை, பாவம், தொழில் தர்மம். பெரிய துப்பாக்கி வீட்டில் இருக்கிற பீரோ மாதிரி, ஆபத்து வருகிற நேரத்தில் பீரோ கூட வராது, உடம்போடு இருக்கிற சின்னது ஒன்று வேண்டும், இதற்கு பேக்கப் என்று பெயர் என்று பொறுமையாகச் சொன்னார். பேக்கப் என்ற சொல் என்னைக் கவிழ்த்துவிட்டது. கம்ப்யூட்டர்க்காரனிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அவன் எதையும் வாங்குவான்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ரப்பர் விரிப்பின் மேல் வைத்தார். பாண்டி பஜாரில் அம்மா புடவை எடுப்பதுபோல, இதில் இன்னும் கொஞ்சம் சின்னதாகக் காட்டுங்கள், இதையே கறுப்பில் காட்டுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் காட்டியது உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி பிஸ்டல். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதன் மேல்பகுதியைப் பின்னால் இழுத்துவிட்டால்தான் குண்டு ஏறும், என் விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. எங்கள் வீட்டில் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறப்பதும் ஜெயசெல்விதான். அடுத்தது தட்டையான ஒன்பது மில்லிமீட்டர். கடைக்குப் பின்னாலேயே சுட்டுப் பார்க்கிற கூடம் இருந்தது. சுட்டேன். வெடித்து வெளியே தெறித்த சூடான தோட்டா ஓடு நேராக வந்து என் சட்டைக் காலருக்குள் விழுந்தது. நான் துப்பாக்கியும் கையுமாக ஆடிய ஆட்டத்தில் பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் தரையில் படுத்துவிட்டார்கள்.

மூன்றாவதாகத்தான் குட்டைக் குழல் வைத்த ரிவால்வரைக் கொண்டுவந்தார். ஐந்து குண்டு. இழுக்க வேண்டியதில்லை, பூட்டு கிடையாது, எடுத்தால் சுடலாம். அதிகம் யோசிக்க விரும்பாதவர்களுக்கு ஏற்றது என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஐந்தையும் சுட்டேன். ஒன்று காகித மனிதனின் காதில் பட்டது. ஒன்று பக்கத்து வரிசைக்காரரின் காகித மனிதன் மேல் பட்டது. மற்ற மூன்றும் போன இடம் தெரியவில்லை. சுட்டு முடித்த பிறகும் என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பான்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன். எதிரே நிற்பவனுக்கும் கை நடுங்கத்தான் செய்யும், கவலைப்படாதீர்கள் என்று மீசைக்காரர் தேற்றினார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்து, எங்கே வைத்துக்கொள்வது? இடுப்பில் வைக்கலாம் என்றால் தொப்பை அதற்கு மேல் கவிழ்ந்து உட்கார்ந்துவிட்டது. பான்ட் பையில் என்றால் குனிந்து பிரிட்ஜில் சோடா அடுக்கும்போது விழுந்துவிடும். கடைசியில் கணுக்காலில் கட்டுகிற உறை ஒன்றை எடுத்தார். கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இதைவிட வசதி இல்லை, குனிந்தால் கைக்கு வரும், பான்ட் மூடிக்கொள்ளும் என்றார். ஓடுகிற வேலை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். முட்டி வலி உண்டா என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். எல்லாம் கேட்டார் மனிதர். ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. பூட்ஸோடு கட்டில் வரைக்கும் போகிற ஊரில் அவருக்கு அது தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இந்த நிமிஷத்திலிருந்து கட்டிக்கொள்ளுங்கள், கழற்றி வைத்துப் பழகினால் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் கழற்றி வைத்திருப்பீர்கள் என்று அவர் சொல்ல, நானும் நல்ல பிள்ளையாகக் குண்டுகளைப் போட்டு அங்கேயே கட்டிக்கொண்டு கடைக்கு வந்தேன். சிப்ஸ் எங்கே என்று ஜெயசெல்வி கேட்டாள். ஸ்டாக் இல்லை என்றேன். சாயங்காலத்துக்கு வருகிற பார்ட் டைம் ஆளிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, அவளையும் ஜோவானாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊரான ஆலனுக்குக் கிளம்பினேன். அன்றைக்கு ஜெபக்கூட்டம் வசந்தாமணி ஆன்ட்டியின் மகன் வீட்டில். ஆன்ட்டி கோயமுத்தூரில் ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் கூட்டத்துக்குத் தலைமையும் அவர்தான்.

கதவைத் திறந்ததும் பார்த்தேன். வாசலில் செருப்பும் ஷூவும் மலைபோலக் குவிந்து கிடந்தன.

மூளை உள்ளவன் எவனும், போனை மறந்துவிட்டேன் என்று சொல்லி வேனுக்குத் திரும்பிப் போய் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வந்திருப்பான். வேன் சாவி ஜெயசெல்வியின் கைப்பையில் போயிருந்தது. பின்னால் இன்னொரு குடும்பம் உள்ளே வரக் காத்துக்கொண்டு நின்றது. அதற்குள் ஜோவானா, "ஷூஸ் ஆஃப், டாடி" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாள். கால் வீங்கியிருக்கிறது, ஷூ கழற்ற முடியாது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஜெயசெல்வி திரும்பி என் காலைப் பார்த்தாள். வீக்கத்தை வாசலில் இருந்தபடியே கண்டுபிடிக்கிற நர்ஸ் அவள். எப்போதிருந்து என்று கேட்டாள். இப்போதிருந்து என்றேன். அது உண்மைதான்.

எல்லோரும் கார்ப்பெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். நான் ஷூவோடு நாற்காலியில், முட்டி தேய்ந்த இரண்டு தாத்தாக்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். பாட்டுப் பாடினோம். வேதம் வாசித்தார்கள். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. பான்ட் நுனி மேலே ஏறாமல் பிடித்துக்கொண்டிருப்பதே பெரும் பாடாக இருந்தது. இன்னும் ஒரு ஜெபம், பிறகு பிரியாணி, பிறகு வீடு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் ஆன்ட்டி, நோயாளிகளுக்காக ஜெபிப்போம் என்று சொல்லிவிட்டு ஆலிவ் எண்ணெய்ப் பாட்டிலோடு எழுந்து நேராக என்னை நோக்கி வந்தார்.

பொய் வியாதி சொல்ல வேறு இடமா கிடைக்கவில்லை எனக்கு? ஆபீஸில் சொல்லியிருந்தால் 'டேக் கேர்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் கூட்டத்தில் கால் வலி என்று சொன்னால் அந்தக் காலின் மேல் கை வைத்து ஜெபிக்காமல் யாரும் சாப்பிடமாட்டார்கள். இது எனக்குத் தெரியும். என் வாழ்நாள் முழுக்கத் தெரியும்.

வேண்டாம் ஆன்ட்டி, லேசான வீக்கம்தான் என்றேன். அவர் அதற்குள் முட்டி போட்டுவிட்டார். பான்ட்டுக்கு மேலாக என் கணுக்காலில் கையை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

"என்ன கண்ணு இது, கல்லாட்டம் இருக்குது?" என்றார்.

கட்டி என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அது கார்ப்பெட் முழுக்கப் பரவி, என்ன கட்டியோ, பயாப்ஸி பண்ணினாரோ என்று திரும்பி வந்தது. பக்கத்துத் தாத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போது வெட்கம்கூட இல்லை, வெறும் பயம். உள்ளே ஐந்து குண்டு. ஆன்ட்டியின் நரைத்த தலை என் முட்டிக்கு நேரே இருந்தது. மாடியில் குழந்தைகள் ஓடுகிற சத்தம் கேட்டது, அதில் ஜோவானாவின் காலடியும் இருந்தது. வியர்வை கழுத்தில் வழிந்தது. கட்டியின் வேதனை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"ஜெயா, நீ வா சாமி. சம்சாரம் கை வெச்சு ஜெபிக்கோணும்" என்றார் ஆன்ட்டி.

ஜெயசெல்வி வந்து அவர் பக்கத்தில் முட்டி போட்டாள். கை வைத்தாள். நாடி பார்த்துப் பழகிய விரல்கள். குழல் மேல் போயின, குண்டு வைக்கிற உருளை மேல் போயின, பட்டையின் பக்கிளில் வந்து நின்றன. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணை இன்னைக்கு உம்ம சமுகத்துல சொல்றேன். போன மாசம் ஒரு சனிக்கிழமை காலைல, நான் கடையில தனியா இருந்தப்ப ஒரு பையன் வந்து என் மூஞ்சிக்கு நேரா துப்பாக்கிய நீட்டினான். கல்லாவத் திறந்து குடுத்தேன். வாங்கிட்டுப் போயிட்டான். ஒரு கீறல் இல்லாம என்னைக் காப்பாத்தினீரே, ஸ்தோத்திரம்."

எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். யாரோ ஒரு பெண் அழுதாள்.

"அன்னைக்கு இவரைக் கடையில நிக்க விடாம அந்த க்ளாஸுக்கு அனுப்பி வெச்சீரே, அதுக்கும் ஸ்தோத்திரம் ஆண்டவரே. இந்தக் கட்டிய எடுத்துப் போடும். இது எங்க வீட்டுக்குள்ள வர வேணாம்."

ஆமென் என்று அறையே சொன்னது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நோயாளியும் சொல்ல வேண்டும் அல்லவா. சொன்னேன்.

பிரியாணி பரிமாறத் தொடங்கினார்கள். மாத்திரை வேனில் இருக்கிறது என்று சொல்லி ஜெயசெல்வி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். இன்னும் வெளிச்சம் இருந்தது, எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். வேன் கதவை மறைத்துக்கொண்டு உட்கார்ந்து அந்த உறையைக் கழற்றினேன். பக்கிள் என் விரலுக்கு அகப்படவே இல்லை. அவள்தான் குனிந்து கழற்றினாள். குண்டுகளை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். போலீஸ் வந்து எல்லாம் எழுதிக்கொண்டு, நான் வகுப்பு முடிந்து வருவதற்குள் போய்விட்டதாம். குறைந்த பணத்தைத் தன் சம்பளத்திலிருந்து கல்லாவில் போட்டுவிட்டாளாம். கடைக் கேமரா ஏதாவது பிடித்ததா என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். வாங்கின நாளிலிருந்தே அது வேலை செய்யவில்லை. இரண்டு துப்பாக்கி வாங்கத் தெரிந்த எனக்கு அதை ரிப்பேர் பண்ணத் தோன்றவில்லை.

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றாள் ஜெயசெல்வி. "அடுத்த வாரமே அந்தப் பெரிசை எடுத்து வெச்சுட்டு எவன் வர்றான்னு உக்காந்திருப்பீங்க. சின்னப் பையன் அவன். அவன் கை நடுங்கிச்சு. உங்க கையும் நடுங்கும், எனக்குத் தெரியும். நடுங்குற ரெண்டு கைக்கு நடுவுல நான் நிக்கணுமா?"

நான் என் கையைப் பார்த்தேன். பான்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"அன்னைக்குப் பூரா, நீங்க எப்ப வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றாள். "சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க வந்தவுடனே பால் டப்பாவை எடுத்து வெச்சு, திருடன் வந்தா எப்படி நிக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முகத்துக்கு நேரே துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, காபி மெஷினைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள் இவள். நான் அவளைக் காப்பாற்றக் கிளம்பியதில் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அழக்கூட இடம் இல்லாமல் போயிருக்கிறது. இரண்டு துப்பாக்கிக்காரர்களை நினைத்து அவள் பயந்திருக்கிறாள். ஒருவன் கல்லாவோடு போய்விட்டான். இன்னொருவன் தினமும் வீட்டுக்கு வருகிறான்.

"ரொம்பப் பயந்துட்டியா?" என்றேன். இத்தனை நாளில் அவளிடம் நான் அதைக் கேட்டதே இல்லை.

"ரொம்ப" என்றாள். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நானும் நின்றேன். வாசலைப் பார்த்து நிற்கிறேனா, முதுகைக் காட்டுகிறேனா என்று யோசிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஷூவைக் கழற்றிக் குவியலில் போட்டுவிட்டு உள்ளே போய், கார்ப்பெட்டில் சம்மணம் போட்டு பிரியாணி சாப்பிட்டேன். மாத்திரை நன்றாக வேலை செய்வதாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அன்றிரவு வேன் கராஜுக்குள் போகவில்லை, தெருவிலேயே நின்றது. ரிவால்வரை அடுத்த நாளே மீசைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் பாதி விலைதான் தந்தார், வாங்கிக்கொண்டேன். கடைக் கேமராவைச் சரிபண்ணினேன். சனிக்கிழமைகளில் இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கடையில் நிற்கிறோம். எவனாவது வந்தால் கல்லாவைத் திறந்து கொடுப்பது என்று பேசி முடிவு பண்ணியிருக்கிறோம். அதில் எனக்கு வேலை, கையைத் தூக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. கஷ்டமான வேலைதான்.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு சனிக்கிழமைதான் வசந்தாமணி ஆன்ட்டி போன் பண்ணினார். கட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். போய்விட்டது என்றேன். முழுக்கவா என்றார். தடம்கூட இல்லை ஆன்ட்டி என்றேன். அவர் போனிலேயே ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்த கூட்டத்தில் என் காலை எல்லோருக்கும் காட்டிச் சாட்சி சொல்ல வேண்டுமாம். சரி என்றேன். வேறு வழி?

"வேற எங்காச்சும் கட்டி கிட்டி இருக்குதா கண்ணு? இருந்தா இப்பவே சொல்லு, மறைக்காதே" என்றார்.

ஜெயசெல்வி பக்கத்தில்தான் நின்றாள். போனில் பேசுவது அவளுக்கும் கேட்டது. நான் கல்லாவுக்குக் கீழே இருந்த டிராயரைப் பார்த்தேன்.

"பழசு ஒண்ணு இருக்கு ஆன்ட்டி" என்றேன். "பெரிசு. இந்த வாரத்துக்குள்ள அதுவும் போயிடும்."

நான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த சாவிக்கொத்தை ஜெயசெல்வி காபி மெஷினுக்குப் பின்னால் இருந்து எடுத்து என் கையில் வைத்தாள்.